காசில் 1780, அடித்தது 1960: மறுஅச்சு வெள்ளிக் காசுகள் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றி வருகின்றன. காசில் பொறித்திருக்கும் ஆண்டும் காசு பிறந்த ஆண்டும் ஒன்றுதானா? வெள்ளிக் காசு சேர்ப்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடைகளில் 'ரீஸ்ட்ரைக்' (மறுஅச்சு) என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். பழைய அச்சை (உருவம் வெட்டிய எஃகுக் கட்டை) வைத்துப் பின்னாளில் புது வில்லையில் (உருவம் விழாத வெற்று வட்டு) அடித்தது ஒன்று. தேதியை மாற்றாமல் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டே போனது இன்னொன்று. வேறொரு நாட்டுக் காசையே வில்லையாக்கி அதன் தலையில் அடித்தது மூன்றாவது. இதற்குச் சரியான பெயர் 'ஓவர்ஸ்ட்ரைக்', மேலச்சு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் விலை போகும் வழி வேறு.

அப்பா மஸ்கட்டிலிருந்து வந்தபோது பெரிய வெள்ளிக் காசு ஒன்று கொண்டுவந்தார். ஒரு பக்கம் முக்காடு போட்ட அம்மாள், மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, ஆண்டு 1780. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?
வாசகர், நாகர்கோவில்

லட்சம் போகாது. ஆனால் குப்பையும் அல்ல. அந்த அம்மாள் ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா; காசின் பெயர் தாலர். 1780 நவம்பரில் அவர் காலமானார். காசு மட்டும் சாகவில்லை. அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் இந்த ஒரு காசைத்தான் நம்பினார்கள். ஏமன்காரர்கள் 'ரியால் ஃபிரான்ஸி' என்றார்கள். வேறு முகம், வேறு தேதி போட்டுக் கொடுத்தால் வாங்க மறுத்தார்கள். தலை அணியிலும் தோள் ஊசியிலும் உள்ள முத்துக்களை எண்ணிப் பார்த்து வாங்கிய வியாபாரிகள் உண்டு. ஆகவே வியன்னா அக்கசாலை (காசு அடிக்கும் சாலை) 1780 என்ற தேதியை அப்படியே வைத்து அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்திரியாவுக்குள் இது செல்லாக் காசான 1858க்குப் பிறகும் ஏற்றுமதிக்காக அடித்தார்கள். இன்றும் அடிக்கிறார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. 1935இல் அபிசீனியா (எத்தியோப்பியா) மீது படையெடுக்கத் தயாரான முசோலினி, இந்த அச்சுகளை ஆஸ்திரியாவிடமிருந்து வாங்கி ரோமில் அடிக்கத் தொடங்கினார். செங்கடல் வியாபாரம் கைவிட்டுப் போகுமே என்று லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் அக்கசாலைகளும் சொந்தமாக அச்சு வெட்டி அடித்தன. லண்டனில் 1936 முதல் 1961 வரை, பர்மிங்காமில் 1949 முதல் சில ஆண்டுகள். யுத்த நேரத்தில், 1940, 41இல், நம் பம்பாய் அக்கசாலையிலும் அடித்தார்கள். எல்லாவற்றிலும் 1780தான். மஸ்கட்டில் கிடைத்த காசு இவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

முதலில் எடை போடுங்கள். 28.07 கிராம் இருக்க வேண்டும். புழங்கித் தேய்ந்ததில் 27.8 வரை இறங்கினால் கவலைப்பட வேண்டாம். விட்டம் சுமார் 40 மில்லிமீட்டர், தடிமன் 2.5. வெள்ளி ஆயிரத்துக்கு 833 பங்கு, மீதி செம்பு. உருவத்தின் கீழே 'எஸ். எஃப்.' என்ற எழுத்துகள் இருக்கும். குன்ஸ்பர்க் அக்கசாலை அதிகாரிகள் ஷோபல், ஃபாபி இருவரின் முதல் எழுத்துகள் அவை. அந்த அக்கசாலை எப்போதோ மூடிவிட்டது. அவர்கள் எழுத்து மட்டும் இன்னும் காசில் வருகிறது. கழுகுப் பக்கத்தில் 1780க்குப் பின்னால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது ரோமன் பத்து அல்ல, அழுத்தத்தில் வந்த பிழையும் அல்ல, சாய்ந்த சிலுவை.

அடுத்து விளிம்பு. அதில் 'யுஸ்டிட்சியா எட் கிளெமென்ட்சியா' என்ற லத்தீன் வாசகமும் (நீதியும் கருணையும் என்று பொருள்) இடையிடையே பூ வேலையும் ஓடும். போலி செய்கிறவர்கள் இரு முகங்களையும் அக்கறையாகச் செய்துவிட்டு விளிம்பில் கோட்டை விடுவார்கள். எழுத்து தேய்ந்து மழுங்கியிருக்கும், அல்லது இரு பாதிகளை ஒட்டிய கோடு விளிம்பின் நடுவில் வட்டமாக ஓடும். அந்தக் கோடு தெரிந்தால் அது வார்ப்புக் காசு. வேறு சோதனை தேவையில்லை.

விலைக்கு வருவோம். இதில் சுத்த வெள்ளி 23.39 கிராம். கணக்கு வசதிக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று கொண்டால் உலோக மதிப்பு 2,339 ரூபாய். அன்றைய விலையை நீங்களே போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். சாதாரண மறுஅச்சுக்கு இந்த உலோக மதிப்பின் மேல் ஒரு சிறு கூடுதல் கேட்கலாம், அவ்வளவுதான். நகைக்கடைக்குக் கொண்டுபோனால் கச்சா வெள்ளியாக எடுத்துக் கழிவும் பிடிப்பார்கள். காசு சேர்ப்பவரிடம் விற்பதே நல்லது. மாலையில் கோப்பதற்காக மேலே வளையம் பற்றவைத்திருந்தாலோ, அதை அறுத்த தடம் இருந்தாலோ கூடுதலை மறந்துவிட்டு வெள்ளி விலைக்குக் கொடுங்கள்.

எந்த அக்கசாலையில் அடித்த தாலர் என்று கண்டுபிடிக்க முடியுமா? அதனால் விலை ஏறுமா?
வாசகர், கோயம்புத்தூர்

முடியும். பொறுமையும் நல்ல படங்களும் வேண்டும். ஒவ்வொரு அக்கசாலையும் அச்சைத் தானே வெட்டியதால் தோள் ஊசியின் வடிவம், அதைச் சுற்றிய முத்துக்கள், கழுகின் வால் இறகு அடுக்கு, எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளிகளின் இடம், விளிம்புப் பூ வேலை ஆகியவற்றில் வேறுபாடு உண்டு. இந்த ஐந்தையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் படமெடுத்து, அக்கசாலை உறுதியான காசின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் பொருந்துகிறது என்று முடிவு கட்டாதீர்கள். இறகு தேய்ந்திருக்கும், முத்து அடிபட்டு இரண்டு ஒன்றாகியிருக்கும்.

விலை ஏறுமா என்றால், இருபதாம் நூற்றாண்டுக் காசுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் வராது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் அடித்தவை வேறு கதை. அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டம் துல்லியமாக இல்லாமல் விட்டம் இடத்துக்கு இடம் சற்று மாறுவது, வில்லையின் எடையைச் சரிசெய்ய அரத்தால் இழுத்த கோடுகள் அச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிவது, இரண்டும் பழைய காசுக்கான நல்ல அறிகுறிகள். அரக்கோடு அச்சுக்கு மேலே, உருவத்தையும் வெட்டிக்கொண்டு போனால் யாரோ பின்னால் இழுத்தது.

மறுஅச்சு என்று சொல்லி விற்பதில் போலியும் கலந்திருக்குமே. வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
வாசகர், சேலம்

உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, கண்ணாடித் தம்ளர், தையல் நூல். இவை போதும்.

காசை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். தம்ளரில் முக்கால் அளவு, கொதித்து ஆறிய தண்ணீர் எடுத்து, அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டாமல் இருக்க இது. தம்ளரைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். நூலில் காசைக் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, நூல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்தான் காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

மரியா தெரேசா தாலர் 2.75 காட்ட வேண்டும், அடர்த்தி 10.2. பிரிட்டிஷ் இந்தியாவின் பழைய ஒரு ரூபாய் 11.66 கிராம், ஆயிரத்துக்கு 917 வெள்ளி, தண்ணீரில் 1.13, அடர்த்தி 10.3. அதே ரூபாயை ஜெர்மன் சில்வரில் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) செய்திருந்தால் 1.3ஐத் தாண்டிவிடும். 1940 முதல் 45 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதிதான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதற்கு 1.22 வரும். அது அசல்தான், பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். குமிழ் ஒட்டினால் தண்ணீர் எடை கூடி, வெள்ளி மட்டமானதுபோலத் தெரியும். காசு அடியைத் தொட்டால் எண் தாறுமாறாக ஏறும். சின்னக் காசுகளில், இரண்டணா, நாலணா அளவுக்கு வந்துவிட்டால், தராசின் 0.01 பிசகே பதிலைப் புரட்டிவிடும். ஒரே மாதிரிக் காசு நாலைந்து இருந்தால் சேர்த்துக் கட்டி முக்குங்கள்.

நகைக்கடைகளில் இருக்கும் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிரால் உலோகத்தை அளக்கும்) இயந்திரத்தை நம்பி இதை விட்டுவிட வேண்டாம். அது மேல்தோலை மட்டும் படிக்கும். கெட்டியாக வெள்ளி முலாம் போட்ட பித்தளையை நல்ல வெள்ளி என்று சொல்லிவிடும். தண்ணீர் பொய் சொல்லாது, ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. சரியான தரமுள்ள வெள்ளியிலேயே செய்த போலியை அது பிடிக்காது. அங்கே பூதக்கண்ணாடிதான் துணை. வார்ப்பில் செய்ததானால் எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி போல வழுவழுவென்று உருண்டிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். அச்சில் அடித்த காசின் எழுத்து வெட்டினாற்போல் நிற்கும்.

காந்தத்தில் ஒட்டினால் இத்தனை சிரமமும் தேவையில்லை. ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி ஆகிவிடாது.

1835 வில்லியம் மன்னர் ரூபாய் ஒன்று கண்ணாடிபோல் மின்னுகிறது. 'புரூஃப்' காசு என்று பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், சென்னை

அவசரப்படாதீர்கள். புரூஃப் என்பது புழக்கத்துக்கு அல்லாமல், மெருகேற்றிய அச்சில் தனிக் கவனத்தோடு அடித்த காசு. 1835 முதல் வந்த பிரிட்டிஷ் இந்தியக் காசுகள் பலவற்றைக் கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் பழைய அச்சுகளைக் கொண்டே சேகரிப்பாளர்களுக்கு மறுபடி அடித்துக் கொடுத்துவந்தன. விலை கொடுத்துக் கேட்டவருக்குக் காசு கிடைத்தது. இந்த வழக்கம் 1970 ஜூலை 1ஆம் தேதியோடுதான் நின்றது. அதாவது உங்கள் 1835 ரூபாய், நாடு விடுதலை அடைந்த பிறகு பிறந்ததாகவும் இருக்கலாம். அரசு அக்கசாலையில், அசல் அச்சில் அடித்தது என்பதால் போலி என்று சொல்ல முடியாது. 1835இல் அடித்த புரூஃப் என்று விற்றால் அது ஏமாற்று.

பிரிப்பது எப்படி? அக்காலத்து அசல் புரூஃபில் விளிம்பு மேட்டின் உச்சியில் மெல்லிய கம்பி ஓடினாற்போல் ஒரு கூர்மை இருக்கும். மன்னரின் தலை லேசாகப் பனி படிந்தாற்போல் மங்கலாகவும், சுற்றியுள்ள பரப்பு பளபளப்பாகவும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சாதாரண வெளிச்சத்திலேயே தெரியும். தொடக்ககால மறுஅச்சில் அந்த வேறுபாடு போய், தலை, பரப்பு எல்லாம் ஒரே வழவழப்பாக வரும். பழைய அச்சை மெருகேற்றிய மயிரிழைக் கோடுகள் கொஞ்சம் தென்படும். பிற்கால மறுஅச்சில் அக்கோடுகள் நிறைய. பார்த்தால் வார்னிஷ் அடித்த மேசைபோல ஒரு கண்ணாடி மினுமினுப்பு. கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கடைசி வகையைத்தான் நினைவுபடுத்துகிறது.

மயிரிழைக் கோடு என்றதும் எல்லாக் கோட்டையும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. அச்சில் மெருகேற்றும்போது விழும் கீறல் அச்சில் பள்ளம்; ஆகவே காசில் மேடு. அது பரப்பில் மட்டும் ஓடி, எழுத்தோ உருவமோ வந்ததும் நின்றுவிடும். மெருகுக்கல் அச்சின் பள்ளத்துக்குள் இறங்காததே காரணம். காசைத் துணியால் தேய்த்த கீறல் இதற்கு நேர்மாறு. அது பள்ளம், எழுத்தின் மேலும் ஏறி மறுபக்கம் இறங்கும். பத்து மடங்கு லென்ஸும் ஒரு டார்ச்சும் வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக அடித்துக் காசை மெதுவாகச் சுற்றினால் மேடும் பள்ளமும் பிரிந்து தெரியும். முதலாவது காசின் பிறவிக் குறி, இரண்டாவது காசுக்கு நேர்ந்த கெடுதல். விலை குறைவது இரண்டாவதால்தான்.

இன்னொரு தடயம் துரு. அச்சு எஃகால் ஆனது. வங்காளத்து ஈரக்காற்றில் பல்லாண்டு கிடந்தால் துருப்பிடிக்கும். துரு தின்ற குழிகள் காசில் சிறு பருக்களாக எழும்பும். மின்னும் பரப்பில் அப்படிப் பருக்கள் இருந்தால், நெடுநாள் சும்மா கிடந்த அச்சு என்று பொருள். ஒரு ஆண்டின் தலையும் வேறொரு ஆண்டின் பின்பக்கமும் ஜோடி மாறிப்போன காசுகளும் இந்த மறுஅச்சுகளில் உண்டு. அவற்றில் சில அரிதானவை. கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

விலை வரிசை என்று பார்த்தால் அசல் புரூஃப் எங்கோ உயரத்தில் இருக்கிறது. தொடக்ககால மறுஅச்சு அதற்கு வெகு கீழே. பிற்கால மினுமினுப்பு மறுஅச்சு அதற்கும் கீழே, ஆனால் சந்தையில் உருண்ட சாதாரண 1835 ரூபாயைவிட மேலே. அந்தச் சாதாரண ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி. மன்னரின் கழுத்து வெட்டில் 'எஃப்' இருக்கிறதா, 'ஆர்.எஸ்.' இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பதைப் பொறுத்து அதன் விலையும் மாறும். கல்கத்தா அக்கசாலைத் தலைவர்களாக இருந்த ஃபோர்ப்ஸ், சாண்டர்ஸ் ஆகியோரின் எழுத்துகள் அவை.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பில்லில் 'அசல் புரூஃப், மறுஅச்சு அல்ல' என்று எழுதித் தருவீர்களா?" பதில் வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பினால் எழுந்துவிடுங்கள்.

பாட்டியின் பெட்டியில் 1862 விக்டோரியா ராணி ரூபாய் நாற்பது இருந்தது. எல்லாம் ஒரே வருடம். மறுஅச்சா?
வாசகர், காரைக்குடி

இல்லை, புழக்கத்துக்கென்றே அடித்த காசுகள். 1862இல் ராணியின் பெயரில் புது ரூபாய் வந்தபோது அச்சில் வைத்த தேதியை, 1874இல் ஆண்டுதோறும் மாற்றத் தொடங்கும்வரை மாற்றவேயில்லை. அதற்கு முன்பு 1840 ரூபாயும் அப்படித்தான். நாற்பதும் ஒரே வருடமாக இருப்பதில் அதிசயமே இல்லை. பழைய வழக்கம் இது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ஆற்காடு ரூபாய்களில் ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வந்துகொண்டிருந்தது. காசில் பெயர் வரும் இரண்டாம் ஆலம்கீர் பாதுஷா இறந்து ஐம்பது வருடம் ஆன பிறகும்.

1862 ரூபாயில் உங்களுக்கு வேலை இருக்கிறது. பம்பாய் அக்கசாலை, உண்மையான ஆண்டைத் தனக்குத் தெரிந்துகொள்ளத் தேதியின் மேலும் கீழும் புள்ளிகள் வைத்தது. மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிப் பிரித்து வையுங்கள். ராணியின் உடையிலும் பின்பக்கப் பூவிலும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பல வகை தேறும். புள்ளியே இல்லாதவை ஏராளம், வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும். சில புள்ளிக் கூட்டுகள் அரிது. இது தெரிந்தவர்கள் புள்ளியைச் செயற்கையாகவும் வைக்கிறார்கள். அசல் புள்ளி பரப்பிலிருந்து எழும்பி, சுற்றிலும் தரை சமமாக இருக்கும். உளியால் குத்தி எழுப்பிய புள்ளியைச் சுற்றி ஒரு பள்ள வளையம் தெரியும். ஒட்டவைத்ததானால் நிறம் மாறும்.

எங்கள் வீட்டில் கோபுரம் போட்ட கம்பெனிக் காசு ஒன்று உள்ளது. தமிழில் 'அரை பூவராகன்' என்று படிக்க முடிகிறது. சாமி பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் வேறு எழுத்தின் மிச்சம் தெரிகிறது. அச்சுப் பிழையா?
வாசகர், தஞ்சாவூர்

பிழை அல்ல, அதிர்ஷ்டம். சென்னை அக்கசாலையில் 1808ஐ ஒட்டி அடித்த அரை வராகன் அது. ஒரு பக்கம் அடுக்குக் கோபுரமும் இருபுறமும் நட்சத்திரங்களும், சுற்றிலும் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பு. மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு, சுற்றிலும் தமிழும் தெலுங்கும். எடை சுமார் 21.2 கிராம். கால் வராகன் இதில் பாதி. பின்னாளில் 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கம்பெனி கணக்குத் தீர்த்ததை வைத்துப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது ஒன்றேமுக்கால் ரூபாய்.

அப்போது கப்பலில் வந்த வெள்ளியில் பெரும்பங்கு ஸ்பானிய டாலர். மெக்சிகோவிலும் பெருவிலும் பொலிவியாவிலும் அடித்த எட்டு ரியால் காசு. அதை உருக்கி, வார்த்து, தகடாக்கி, வில்லை வெட்டுவது செலவு. வெட்டிக் குறைத்த டாலரையே வில்லையாக வைத்து அடித்தால் வேலை மிச்சம். அச்சின் சமதளம் பழைய உருவத்தை நசுக்கிவிடும். ஆனால் அச்சின் பள்ளங்களுக்குள் எழும்பும் உலோகத்திலும் ஓரங்களிலும் பழைய எழுத்து பிழைத்துக்கொள்ளும். உங்கள் காசில் தெரிவது அதுவாக இருக்கலாம்.

உறுதிசெய்ய, கோபுரத்தை மறந்துவிட்டுப் பழைய காசைத் தேடுங்கள். காசைப் பதினைந்து பதினைந்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் தாழ்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். மேலச்சும் அடியச்சும் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. தேட வேண்டியவை: ரோமன் எழுத்து மிச்சம், மன்னர் தலையின் மாலை நாடா, இரு தூண்கள், கிரீடம் சூடிய கேடயம், தேதியின் எண்கள். 'எம்' எழுத்தின் தலையில் சின்ன 'ஓ' இருந்தால் மெக்சிகோ. எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரையானால் லிமா அல்லது பொட்டோசி. தெரியும் மிச்சம் மேல் காசின் எழுத்தோ கோபுர வரியோ போலவே இருந்து, சற்று நகர்ந்து மறுபடி வந்திருந்தால் அது மேலச்சு அல்ல. ஒரே அச்சு இரண்டு முறை விழுந்தது.

அடிக்காசு தெளிவாகத் தெரிந்தால் விலை கூடும். ஆண்டும் அக்கசாலையும் படிக்க முடிந்தால் இன்னும் கூடும். ஆனால் அடிக்காசு தலைதூக்கி மேல் காசின் கோபுரமே கெட்டுப்போயிருந்தால், வராகன் சேர்ப்பவர் குறைத்துக் கேட்பார், மேலச்சு சேர்ப்பவர் கூட்டிக் கேட்பார். யாரிடம் விற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

இந்த வகையில் ஆழமாக இறங்க விரும்பினால் பிரேசிலின் 960 ரெய்ஸ் காசுகளைப் பாருங்கள். 1810 முதல் ஸ்பானிய டாலரை 750, 800 ரெய்ஸுக்கு வாங்கி, மேலே தன் முத்திரையை அடித்து 960 ஆக்கியது போர்ச்சுக்கீசிய அரசு. வில்லை வாங்கிய செலவிலேயே லாபம்! ஆர், பி, எம் எழுத்துகள் ரியோ, பாஹியா, மினாஸ் அக்கசாலைகளைக் குறிக்கும். அங்கே சேகரிப்பாளர்கள் 960ஐ விட அதன் அடியில் இருப்பதைத்தான் துருவுகிறார்கள். மெக்சிகோவும் லிமாவும் பொட்டோசியும் சாதாரணம். விடுதலைப் போர்க்காலத்து அர்ஜென்டினாக் காசு அடியில் இருந்தால் பெரிய வேட்டை. இங்கிலாந்து வங்கியின் 1804 டாலரும் இதே ரகம். பர்மிங்காம் அருகே போல்டனின் சோஹோ அக்கசாலையில் ஸ்பானிய டாலர் மேல் அடித்தது. அதில் போலி அதிகம். அடிக்காசு தடம் கொஞ்சமும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் எடையையும் அடர்த்தியையும் கட்டாயம் பாருங்கள்.

1818 என்று தேதியிட்டு, ராமர் பட்டாபிஷேகம் போட்ட கம்பெனிக் காசு வெள்ளியில் கிடைக்கிறது. இது மறுஅச்சா?
வாசகர், திருச்சி

எதன் மறுஅச்சு? கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பூஜையறையில் வையுங்கள், முதலீடாக வைக்காதீர்கள்.

வெள்ளிக் காசுகள் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்த்துக் கழுவலாமா?
வாசகர், விருதுநகர்

குத்துவிளக்குக்குப் புளி, காசுக்கு வேண்டாம். விபூதி, பற்பசை, பாலிஷ் எதுவும் வேண்டாம். கறுப்பு என்பது வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்த மெல்லிய படலம். சீராகப் படிந்து நீலம், பொன் நிறம் காட்டினால் அதற்கென்றே கூடுதல் கொடுப்பவர்கள் உண்டு. புளியும் பொடியும் படலத்தோடு வெள்ளியின் மேல்தோலையும் எடுத்துக்கொண்டு போகும். மறுஅச்சுக் காசில் இது இரட்டைக் கேடு. அச்சு மெருகுக் கோடும் துருப் பருவும்தான் அடையாளம் என்று மேலே பார்த்தோம். தேய்த்த காசில் அவை மழுங்கி, எந்தக் காலத்து அச்சு என்று சொல்லவே முடியாமல் போகும்.

குங்குமம், சந்தனம் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவிடுங்கள். தேய்க்காமல் எடுத்து, மென்துணியில் ஒற்றி உலர்த்துங்கள். மலிவான பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்ததால் பச்சையாகப் பிசுபிசுத்தால், சுத்தமான அசிட்டோனில் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு எரியாத நேரத்தில் செய்யுங்கள். நகச்சாய நீக்கி வேறு, அசிட்டோன் வேறு. முன்னதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அந்த ஆல்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பிவிசி இல்லாத உறைக்கு மாறுங்கள்.

ஊரிலுள்ள தாத்தாவின் காசுகளைச் சிங்கப்பூருக்கு எடுத்துப்போகலாமா? அவற்றில் 1780 தாலரும் 1862 ரூபாயும் உண்டு.
வாசகர், சிங்கப்பூர்

1862 ரூபாயை எடுத்துப்போக முடியாது. 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசு பழம்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். தரச்சான்றுக்காக வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினாலும் அதே சட்டம்தான்.

தாலர் விஷயம் வேடிக்கையானது. 1940இலோ 1960இலோ அடித்ததானால் அதற்கு நூறு வயது ஆகவில்லை. ஆனால் சுங்க அதிகாரிக்குத் தெரிவது காசில் உள்ள 1780 மட்டுமே. அவரிடம் நின்று முசோலினி கதையைச் சொல்லி விமானத்தைப் பிடிக்க முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் 'பழம்பொருள் அல்ல' என்ற சான்று பெற்று வையுங்கள். இரு பக்கமும் விளிம்பும் தெரியும் தெளிவான படங்கள், எடை, விட்டம், எந்த அக்கசாலை என்று கருதுகிறீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காசையும் நேரில் காட்ட வேண்டியிருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.